மாமனாரைச் சாகடித்த பாடத்திட்டம்

பிள்ளைக்குப் பாடத்திட்டம் தேர்ந்தெடுக்கப் போய், குத்துக்கல் மாதிரி உயிரோடு இருந்த மாமனாருக்குச் சாவு வீடு நடத்தியவள் ஊவா மாகாணத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வேறு யாராவது இருந்தால் சொல்லி அனுப்புங்கள். கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

எங்கள் வீடு ஸ்பிரிங்வெளிப் பக்கம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான ஒரு லயத்தின் கடைசிக் காம்பராவை ஒட்டி இருக்கிறது. கணவர் அருள்தாஸுக்குப் பதுளை டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை. நான் கொஞ்ச காலம் தோட்டத்து முன்பள்ளியில் படிப்பித்தேன். (வேலையை விட்ட பிறகும் ‘டீச்சர்’ என்ற பட்டம் என்னை விடவில்லை. அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.) மகள் ஜெசிந்தா அப்போது ஏழாம் ஆண்டு. படித்தது டவுன் ஸ்கூலில்.

ஜெசிந்தாவுக்கும் பஸ்ஸுக்கும் ஜென்மப் பகை. முதல் வளைவில் முகம் வெளிறும். அடுத்த வளைவில் வாயைப் பொத்துவாள். டவுன் கண்ணுக்குத் தெரிவதற்குள் கையிலிருக்கும் சொப்பிங் பேக் கனத்துவிடும். தேசிக்காயை முகரச் சொன்னோம், இஞ்சியை மெல்லச் சொன்னோம், பேப்பரை மடித்து அதன் மேல் உட்காரச் சொன்னோம். பேப்பர்தான் வீணாகியது. வகுப்புப் பிள்ளைகள் அவளுக்குச் ‘சொப்பிங் பேக்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு நாள் வீட்டுக்கு வந்தவள் சப்பாத்தைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, “இனிமே நான் போகலம்மா” என்றாள். அழக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்பாக்காரருக்கு இது புரியவில்லை.

“எல்லாம் மனசுதான். வெளிய பாத்துக்கிட்டு வந்தா ஒண்ணும் ஆகாது. நானுந்தான் தினமும் அதே பஸ்சுல போறேன், எனக்கு என்னா வந்துச்சு?”

“வீட்டுலயே வச்சுப் படிப்பிக்கிறேங்க. நான் டீச்சர்தானே?”

“படிப்பி, வேணாங்கல. ஆனா ஓ.எல். பரீட்சை எழுதணும்ல? லீவு முடியிறதுக்குள்ள ஒழுங்கா ஒரு பாடத்திட்டத்தக் காட்டு. இல்லாட்டி ஸ்கூல் தொடங்குற அன்னைக்கு அவ பஸ்சுல ஏறணும்.”

அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த பாடப் புத்தகங்கள் மேசையிலேயே அடுக்கி இருந்தன. அவர் அதை விரலால் தட்டியும் காட்டினார். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சும்மா கிடைக்கிறதை வைத்துப் பிள்ளை வளர்க்கிறவளா நான்?

கனடாவில் இருக்கும் என் சித்தி மகளிடம் சொன்னேன். அவள் போனுக்கு அடுக்கடுக்காக அனுப்பிவைத்தாள். எல்லாம் வெளிநாட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கென்று செய்த பாடத்திட்டங்கள். முதலாவதில் விஞ்ஞானப் பாடம், “வெளியே போய்ப் பனியின் ஆழத்தை அளந்து வா” என்று தொடங்கியது. ஜெசிந்தா அளக்கும் அடிமட்டத்தோடு போய், வீட்டுப் பாத்தியில் கோவா இலையில் இருந்த பனித்துளியைப் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டாவதில் பிள்ளை காலைத் திருப்பலியை லத்தீனில் பாட வேண்டும். என் மாமனார் சூசை, தோட்டத்துப் பெக்டரியில் என்ஜின் பார்த்து ஓய்வு பெற்றவர், அவள் பாடியதைக் கேட்டுவிட்டு, “புள்ளைக்குக் காய்ச்சலா?” என்று கேட்டார்.

மூன்றாவதில்தான் நான் விழுந்தேன். அட்டையிலேயே ஒரு தாய், நெருப்பு மூட்டிய அடுப்பங்கரை, ஏழு பிள்ளைகள், ஏழு பேரும் தலைவாரி இருந்தார்கள். (எனக்கு ஒன்று, அதுவும் சீப்பைக் கண்டால் ஓடும்.) திருச்சபையின் பண்டிகைக் காலங்களோடு சேர்த்தே கணக்கு, விஞ்ஞானம், புவியியல் எல்லாம் வரும். முதல் பாடம் ‘விளைநிலங்களை ஆசீர்வதிக்கும் பவனி’. பிள்ளை வெள்ளை உடுத்திச் சிலுவை பிடிக்க வேண்டும். சிலுவையில் ஊதாத் துணி. தாய் மணியடித்துக்கொண்டு புனிதர்களின் மன்றாட்டு மாலை சொல்ல வேண்டும். நிலத்தின் எல்லையில் சிறு கொடிகள் கட்டி, பிறகு அந்த எல்லையை அளந்து பரப்பளவு கண்டுபிடிக்க வேண்டும். ஒரே நடையில் செபமும் கணக்கும்! இதைவிட அருள்தாஸுக்கு என்ன காட்ட முடியும்?

அன்று அவர் வேலைக்குப் போனதும் பழைய படுக்கை விரிப்பைக் கிழித்தேன். அது வெள்ளை விரிப்பு. எங்கள் வாசலிலிருந்து தேயிலை மலைக்கு ஏறும் பாதை நெடுக வெள்ளைக் கொடி கட்டினேன். ஜெசிந்தாவுக்கு ஸ்கூல் வெள்ளைச் சட்டையை மாட்டி, சுவரில் இருந்த பெரிய சிலுவையைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். மாமனார் ஒரு வாரமாக இருமலும் காய்ச்சலுமாய்ப் படுத்திருந்தவர், அன்று உடம்பு லேசானதும் வாளியை எடுத்துக்கொண்டு மலைத் தண்ணீர் விழும் பீலிக்குக் குளிக்கப் போயிருந்தார்.

வாசலில் வெள்ளைக் கொடி. வெள்ளை உடுத்திய பிள்ளை. சிலுவை, மணி, மெதுநடை, மன்றாட்டு மாலை. வீட்டில் ஒரு வாரமாகக் கிடையில் கிடந்த வயதானவர். இந்த நாட்டில் பால்குடிப் பிள்ளைகூட இதைப் பார்த்தால் சாவு வீடென்று சொல்லிவிடும். எனக்கு மட்டும் தோன்றவில்லை. ஜெசிந்தா, “அம்மா, இது என்னமோ மாதிரி இருக்கு” என்றாள். “பக்தின்னா அப்படித்தான் இருக்கும், நட” என்றேன்.

மலையில் பெண்கள் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஏறி வருவதைக் கண்டதும் ஒவ்வொருவராகக் கையை நிறுத்தினார்கள். முருகேசு கங்காணி தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்தார். எனக்குப் புல்லரித்துவிட்டது. நான் இன்னும் சத்தமாக, “புனித சூசையப்பரே!” என்றேன்.

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்றாள் ஜெசிந்தா.

அடுத்த புனிதருக்குப் பத்துப் பன்னிரண்டு குரல் சேர்ந்து வந்தது. பக்கத்து வீட்டுப் பார்வதி அக்கா திருநீறு பூசிய நெற்றியோடு கண்ணீர் விட்டுக்கொண்டு பதில் சொன்னாள். (கத்தோலிக்கச் சாவு வீடுகளுக்கு வந்து வந்து அவர்களுக்கெல்லாம் அது மனப்பாடம் என்பது பிறகுதான் விளங்கியது.) செபத்தின் வல்லமையை நினைத்து நானும் அழுதேன். நான் அழுததைப் பார்த்து மலை முழுக்க அழுதது. பார்வதி அக்கா வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, “மனச விட்றாதீங்க டீச்சர்” என்றாள். பாடத்திட்டம் தேர்ந்தெடுக்கிற கஷ்டத்தை இவ்வளவு ஆழமாகப் புரிந்துகொண்டவள் பக்கத்திலேயே இருந்தும் இத்தனை நாள் தெரியவில்லையே என்று நினைத்தேன்.

நாங்கள் மலையைச் சுற்றிக் கொடி கட்டி, எல்லை அளந்து, திரும்பி இறங்குவதற்குள் தோட்டம் தன் வேலையைச் செய்து முடித்திருந்தது. மரண உதவிச் சங்கத்துக் கதிரைகள் எங்கள் வாசலில் வரிசையாக இருந்தன. மேலே வெயிலுக்குப் படங்கு கட்டியாகிவிட்டது. பெரிய கேத்தலில் பிளேன்டீ கொதித்தது. லயத்துக் கடைசியில் யாரோ சாவுக்கு அடிக்கும் தப்பை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் படுக்கை வெறுமையாக இருந்ததால், உடலை டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவர லொறி கேட்டு ஆள் போயிருந்தது. முருகேசு கங்காணி மருந்துக்கடைக்கும் போன் பண்ணியிருந்தார். வழியில் வருகிறவரிடம் செத்தது யாரென்று சொல்லக்கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். அதனால், “வீட்டுல ஒரு காரியம் ஆயிருச்சுங்க, ஒடனே வாங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

வாசலைப் பார்த்ததும்தான் சாவு வீடென்று எனக்கு உறைத்தது. உடம்பு சரியில்லாத மாமனாரைத் தனியே குளிக்க விட்டுவிட்டுப் பவனி போனேனே! மணியை வீசிவிட்டு, “ஐயோ மாமா!” என்று ஓடினேன். பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். ஒப்பாரி உச்சத்துக்குப் போனது.

“எஞ்சின் சத்தம் கேக்கையில ஒங்க முகம் தெரியுமே, கேட்டவுக கைக்கெல்லாம் கொடுத்த கை ஓஞ்சிருச்சே!”

அந்தக் கூட்டத்தின் ஓரத்தில், தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் வாளியை வைத்துக்கொண்டு, ஒரு மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். என் மாமனார்தான். பீலியிலிருந்து வந்தவர் கொடியையும் படங்கையும் பார்த்திருக்கிறார். மருமகளோ பேத்தியோ போய்விட்டாள் என்று முடிவு செய்து, யாரென்று கேட்கத் தைரியமில்லாமல் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டார். துவாய் மறைத்ததால் யாருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை. பிளேன்டீகூட ஒரு கப் கையில் கொடுத்திருந்தார்கள்.

என் குரல் கேட்டுத் துவாயை விலக்கினார்.

“மருமகளே! நீ இருக்கியா? அப்ப புள்ளையா?”

“நான் இங்க இருக்கேன் தாத்தா,” என்றாள் ஜெசிந்தா, சிலுவையோடு. “நீங்கதான் செத்துட்டீங்களாம்.”

பார்வதி அக்கா போட்ட கூச்சலில் கேத்தல் கவிழ்ந்தது. மாமனார் மூக்கைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். பிறகு ஒப்பாரி வைத்தவளிடம், “நானா? நல்லாத்தான் சொல்லிக்கிட்டு இருந்த. மிச்சத்தையும் சொல்லிரு தாயி, கேட்டுட்டுப் போறேன்” என்றார்.

அந்த நேரத்தில்தான் பங்கு ஃபாதர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். செத்தவரே எழுந்து அவருக்குத் தோத்திரம் சொன்னார். என்ன நடந்தது என்று நான் விம்மி விம்மிச் சொல்ல, ஃபாதர் என் போனை வாங்கி அந்தப் பாடத்தை மேலிருந்து கீழே வாசித்தார்.

“டீச்சர், இது குளிர்காலம் முடிஞ்சு, வெதைக்கிறதுக்கு முன்னாடி செய்யிறது. இந்தத் தேயிலைய நட்டு நூறு வருசத்துக்கு மேல ஆச்சு.”

சிரிப்பு அடங்கவில்லை. நான் அடுப்படிக்குள் ஓடி ஒளிந்தேன். அன்று அந்தத் தோட்டம் என்னை மன்னித்த விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. கொழுந்து நிறுவை போச்சே, கூலி குறையுமே என்று ஒருத்திகூடச் சொல்லவில்லை. “பெரியவரு நல்லா இருக்காருல்ல, அது போதும்” என்று கவிழ்ந்த கேத்தலை எடுத்து மறுபடி தண்ணீர் வைத்தார்கள்.

அப்போது கீழே பஸ் நின்றது. அருள்தாஸ் இறங்கினார். நேராக நடக்கவில்லை, ஒரு பக்கமாக நடந்தார். முகம் வெளிறி, சட்டை முன்பக்கம் நனைந்து, கையில் ஒரு சொப்பிங் பேக் இருந்தது. அதை மறைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை. வெள்ளைக் கொடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே ஏறி வந்தவர், ஜெசிந்தாவைக் கண்டதும் பாதையிலேயே முழங்கால் போட்டுவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார், தகப்பனைப் பார்த்தார். எண்ணிக்கை சரியானதும் வாய்விட்டு அழுதார்.

“யாருன்னு தெரியாம, ஒவ்வொரு வளைவுலயும் ஒரு ஆள நெனச்சேன்” என்றார். “கோயில் வளைவு வர்றதுக்குள்ள வயிறு பொரட்டிருச்சு.”

ஜெசிந்தா அவர் கையிலிருந்த பேக்கை வாங்கிப் பக்குவமாக முடிச்சுப் போட்டாள். அந்த வேலையில் அவள் கைதேர்ந்தவள்.

“வெளிய பாத்துக்கிட்டு வந்தீங்களாப்பா?”

“பாத்தேன்.”

“மனசுதான்னு நெனச்சீங்களா?”

அவர் அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, “இவ வீட்டுலயே படிக்கட்டும். எந்தப் புத்தகமா இருந்தாலும் சரி” என்றார்.

“அப்ப அந்தச் சும்மா புத்தகமே போதும்ப்பா” என்றாள் ஜெசிந்தா. “அதுல யாரும் பவனி போகச் சொல்லல.”

இப்படித்தான் எங்கள் வீட்டில் பாடத்திட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அரசாங்கப் புத்தகமும் ஞாயிறு மறைக்கல்விப் புத்தகமும் மட்டும். என் நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கிய மாதிரி இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். இப்போது ஜெசிந்தா ஒன்பதாம் ஆண்டுப் பாடம் படிக்கிறாள். கணக்கில் என்னையே மடக்குகிறாள். மாமனார் இன்னும் இருக்கிறார். நான் புதுப் புத்தகம் ஏதாவது வாங்கிவந்தால், “இந்தத் தடவ யாருக்கு மருமகளே?” என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எல்லோரும் பூசைக்கு டவுனுக்குப் போகிறோம். ஜெசிந்தாவுக்கு இப்போது அவ்வளவாக வாந்தி வருவதில்லை. அன்றிலிருந்து அவள் அப்பாவுக்குத்தான் வருகிறது. பஸ் கிளம்புமுன் அவள் தன் பையிலிருந்து ஒரு சொப்பிங் பேக்கை எடுத்து, அழகாக மடித்து, அவர் சட்டைப் பைக்குள் வைப்பாள். “வெளிய பாத்துக்கிட்டு வாங்கப்பா” என்பாள். அவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.