அரைக் கறுப்புக் கண்ணாடி

இந்த வருஷம் எங்கள் வீட்டுப் படம் என் கையால்தான் என்று சபதம் போட்டேன். எங்கள் ரிஸ்ஸானி ஊர்ப் புகைப்படக் கண்காட்சியில் வீட்டுக்கு ஒரு படம்தான் மாட்டுவார்கள். வருஷா வருஷம் என் மனைவி இத்தோ எடுத்ததே தொங்குகிறது. சந்தையில் மோஹா என்ற என் பேரே போய், "இத்தோ புருஷன்" ஆகிவிட்டேன். மானம் போகிறதா இல்லையா?

நல்ல மழை. மணல்மேட்டின் அடியில் ஏரி நிரம்பியிருந்தது. விடிவதற்குள் இருவரும் போனோம். அடேயப்பா! வானம் முழுக்கத் தீப்பிடித்த சிவப்பு. தண்ணீரிலும் அதே சிவப்பு. நடுவில் கூட்டமாகப் பூநாரைகள். "யா ரப்பி, என் இறைவனே!" என்று வாயைப் பிளந்தேன். பாலைவனத்திலேயே பிறந்து வளர்ந்தவன், இப்படி ஒரு காலையைப் பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது.

மணல் மட்டும் இன்னும் நிழலில் கிடந்தது. கேமரா முன்னால் அரைக் கறுப்புக் கண்ணாடியைச் செருகி, வெளிச்சத்தை அளந்தேன்.

"என்னங்க, கண்ணாடிய மாட்டிட்டா வெளிச்சத்த அளக்குறீங்க?"

"மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி வெறும் கண்ணாடி. வானத்த அடக்கும். உனக்கென்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

தட்டினேன். கறுப்பைப் பார்த்த கேமரா பதறிப்போய் வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது. வானம் சுண்ணாம்பு அடித்த சுவர். கண்ணாடியைக் கழற்றி, வானத்தை மட்டும் அளந்து தட்டினேன். மணல் கரிச்சட்டி! சூரியன் வேறு வந்துகொண்டிருந்தது.

"ஒரு ஆள் நின்னாதாங்க மேடு எவ்ளோ பெருசுன்னு தெரியும். இந்தச் சாம்பல் ஜெல்லாபா அங்கியில ராஜா மாதிரி இருக்கீங்க. தண்ணி ஓரமா போய் நில்லுங்களேன்."

"நெஜமாவா?"

"சத்தியமா! சீக்கிரம் போங்க, சூரியன் வந்துடும்."

போய் நின்றேன். தொந்தியை உள்ளே இழுத்தேன். அவள் கண்ணாடி இல்லாமல் கேமராவை என் வயிற்றுக்கு நேராகப் பிடித்தாள். அங்கே வெளிச்சத்தை அளந்து, கேமராவின் திருகியை அந்த அளவில் நிறுத்தினாள். பிறகு வானத்தைப் பார்த்து அளந்தாள். விரல் விட்டு எண்ணி, பையிலிருந்து ஒரு கண்ணாடியைப் பொறுக்கிச் செருகினாள். திருகியைத் தொடவே இல்லை. தட்டினாள்.

"என்ன பண்ணின?" என்று ஓடினேன்.

"மணலும் நீங்களும் ஒரே நிழல். வானத்துல வெளிச்சம் மூணு படி அதிகம். மூணு படி குறைக்குற கண்ணாடி போட்டேன், அவ்ளோதாங்க."

படத்தைப் பார்த்தேன். வானம் வானமாக, மணல் மணலாக, நான் பார்த்த அதே காலை.

கண்காட்சியில் அதற்குத்தான் கூட்டம். கீழே இத்தோவின் பேர். நான் பக்கத்திலேயே விறைப்பாக நின்றேன். ஒரு அம்மாள் கேட்டாள்: "தண்ணி ஓரமா நிக்கிறது யாரு?"

இத்தோ சொன்னாள்: "அதுவா? வெளிச்சம் அளக்க நிறுத்தி வச்சது."