வளவுக்குள் அடித்த ஃபிளாஷ்

காரைக்குடியில் பாதி வீடுகளில் விளக்கு எரிவது என்னால்தான். மீதி வீடுகளில் அடிக்கடி அணைவது என்னைக் கூப்பிடாததால். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, ஒயர் இழுக்கும் கூலியாளாக நுழைந்து, எட்டுப் பேரை வைத்து வேலை வாங்கும் கான்ட்ராக்டராக ஆனவன் நான். (எட்டில் இரண்டு பேர் டிப்ளமா. என்னை சார் என்றுதான் கூப்பிடுவார்கள்.) அப்படிப்பட்ட என்னைச் சுண்டுவிரல் அளவு விளக்கு ஒன்று கவிழ்த்துவிட்டது என்று ஒப்புக்கொள்ளப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

மருமகன் எனக்கு ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கி வந்திருந்தார். புதிதாகப் படம் எடுக்கிறவர்களுக்கானது என்று பெட்டியிலேயே போட்டிருந்ததாம். மகள் அதைப் படித்துச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

"ஃபிளாஷை எப்பப் போடணும், எப்ப நிறுத்தணும்னு சொல்லித் தரட்டுமா மாமா?"

"வெளிச்சத்தைப் பத்தி எனக்கா?" என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்தச் சமயத்தில்தான் நாற்பது அறை வீடு வந்தது. வீட்டுக்குப் பத்துப் பங்காளிகள், பத்து ஊரில். வீட்டில் இருந்தது ஒரு ஆச்சி மட்டும். அந்த வீட்டை விருந்தாளிகள் தங்கும் இடமாக்க முடிவு செய்து, ஒயரிங் முழுவதையும் மாற்றப் போகிறார்கள். மதுரைக் கம்பெனி ஒன்றும் போட்டியில் இருந்தது.

"பழைய ஒயரு என்ன லெச்சணத்துல இருக்குன்னு அறை அறையாப் படம் எடுத்துக் குடுங்க. ஞாயித்துக்கெழமை பங்காளிக எல்லாரும் கம்ப்யூட்டர்ல பாத்து முடிவு பண்ணுவாக" என்றார் ஆச்சி. அதற்கு முன் அவ்வளவு பெரிய வேலை என் கைக்கு எட்டும் தூரத்தில் வந்ததே இல்லை.

வளவுக்குள் போனேன். (நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள். அதுதான் வளவு.) சுவரெல்லாம் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்பு. அதைப் பார்த்துத் தலை வாரலாம். போதாததற்கு ஆளுயரக் கண்ணாடிகள், கண்ணாடி போட்ட முன்னோர் படங்கள். கேமராவைத் தூக்கியதும் அதன் மண்டை படக்கென்று திறந்து, ஃபிளாஷ் தானாக எழுந்து அடித்தது.

ஆச்சி எட்டிப் பார்த்தார். "என்ன கான்ட்ராக்டர், சுவத்தைக் காணோம். வெள்ளையா ஒரு உருண்டைதான் இருக்கு."

"அது வெளிச்சம் ஆச்சி."

"ஒயரு எங்குட்டு?"

"வெளிச்சத்துக்குள்ள இருக்கு."

எங்கள் தொழிலில் அடங்காத எதற்கும் கருப்பு டேப்தான் வைத்தியம். ஃபிளாஷை அமுக்கி மூன்று சுற்றுச் சுற்றினேன். கேமரா உள்ளிருந்து முட்டிப் பார்த்தது, முடியவில்லை. திரையில் இங்கிலீஷில் ஏதோ எழுதிக் காட்டிவிட்டு வேலைநிறுத்தம் செய்தது. பக்கத்திலேயே மின்னல் குறி போட்ட பொத்தான் ஒன்று இருந்தது. மின்னல் குறி போட்ட எதிலும் யோசிக்காமல் கை வைக்காததால்தான் நான் இத்தனை வருடம் உயிரோடு இருக்கிறேன். டேப்பைப் பிரித்துவிட்டேன்.

"மருமகனுக்கு ஒரு போனு போட்டுக் கேளுங்களேன்."

"எதுக்கு ஆச்சி? பிரிண்ட் போடயில சரியாயிரும்."

பிரிண்டே போடப் போவதில்லை என்பது எனக்கு நினைவில்லை. நாற்பது அறையும் எடுத்து முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சலவைச் சட்டையோடு போய் ஆச்சி வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பங்காளிகளின் குரல்கள் அதற்குள்ளிருந்து வந்தன. முதல் படம் ஆளுயரக் கண்ணாடி. அதில் கழுத்துக்கு மேலே சூரியன், கழுத்துக்குக் கீழே என் வயிறு. அடுத்தது தாத்தா படம். தாத்தாவின் முகத்தில் சூரியன், மார்பில் என் வயிறு. மூன்றாவது வெறும் சுவர்தான். அதிலும் மங்கலாக நான் இருந்தேன்.

பத்துப் படம் வரை பொறுத்த மலேசியாப் பங்காளி கேட்டார். "ஏன் ஆச்சி, படத்துக்குப் படம் ஒருத்தர் வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்கிறாரே, அவரு எத்தனாவது பங்கு?"

"நம்ம கான்ட்ராக்டரு. ஒயரைப் படம் எடுக்க வந்தாக" என்றார் ஆச்சி.

ஒரே ஒரு படம் தெளிவாக இருந்தது. அடுப்படி. பல வருடப் புகை ஏறிக் கன்னங்கரேல் என்றிருந்த சுவர் ஃபிளாஷைத் திருப்பி அடிக்கவில்லை. எலி கடித்த ஒயர்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். பங்காளிகள் பதறிப் போனார்கள். அடுப்படி வேலையை உடனே என்னிடம் கொடுத்தார்கள். மற்ற முப்பத்தொன்பது அறையும் மதுரைக்குப் போய்விட்டது. (நான் போட்ட அடுப்படியில் இன்றுவரை ஒரு ஃபியூஸ் போனதில்லை. மற்ற அறைகளைப் பற்றி நான் பேசுவது மரியாதையாக இருக்காது.)

அந்த வீட்டு விசேஷம் எதுவானாலும் எனக்குப் பத்திரிகை வந்துவிடும். உறையில் என் பேருக்குக் கீழே 'பதினோராம் பங்கு' என்று ஆச்சி கைப்பட எழுதியிருப்பார்.

என் வீட்டில் இன்னும் மோசம். போன மாதம், மாடியில் எனக்கென்று ஒரு அறை கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். மனைவி கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"எதுக்கு? உங்களுக்குத்தான் ஊருக்குள்ள நாப்பது அறை கெடக்கே. எதுலயாச்சும் போயிப் படுங்க. அடுப்படியில மட்டும் படுத்துறாதீக. அந்தப் படம் ஒண்ணுலதான் நீங்க தெரியமாட்டீக."