உருண்டைக்கு வைத்த பரீட்சை

தம்பி, உன் மகள் போனில் என்னைப் பற்றி என்ன சொல்லியிருந்தாலும், அதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு அக்கா சொல்வதையும் கேள். நீயும் உன் வீட்டுக்காரியும் நலமாக இருக்கக் காலையும் மாலையும் கடவுளை வேண்டிக்கொள்கிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை, என் வீட்டிலேயே இருந்துகொண்டு உன் மகள் என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர.

அவள் ஆராய்ச்சி உனக்குத் தெரியுமே, வாயில் எச்சில் வடிகிற பிள்ளைகளுக்குப் பரீட்சை வைப்பது. நம் மொழியில் சொல்லுக்குப் பின்னால் வால் மேல் வால் ஒட்டிக்கொள்கிறதாம்: வீடு, வீட்டுக்கு, வீட்டிலே, வீட்டிலிருந்து. சொல் எங்கே முடிகிறது, வால் எங்கே தொடங்குகிறது என்று பேச்சே வராத குழந்தை எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்கிறாளாம். இத்தனை வருஷம் பேசியும் வால் இருப்பது எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும். ஒரு நாள் பரீட்சைக்கு ஒரு குழந்தை குறைந்தது. மாடியில் குடியிருக்கும் தையல்காரியின் மகன், நாங்கள் உருண்டை என்று கூப்பிடுவோம், அவன் வருவதாக இருந்தது, தையல்காரிக்கோ காய்ச்சல். "அத்தை, நீங்க மடியில வெச்சுக்கிட்டு சும்மா உட்கார்ந்தா போதும்" என்று உன் மகள்தான் கூட்டிப்போனாள். சும்மா என்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று யார் கண்டது?

இருட்டு அறை. எதிரே ஒரு பெட்டி, அதன் மேல் சிவப்பு விளக்கு. பெட்டி பேசும்போது விளக்கு எரியும், குழந்தை அதை எவ்வளவு நேரம் பார்க்கிறது என்று கணக்கு. எனக்கு அது கேட்கக் கூடாதென்று காதில் ஹெட்போனை மாட்டிப் பாட்டு போட்டார்கள். பாட்டா அது, தகர டப்பாவை மாடிப்படியில் உருட்டிவிட்ட சத்தம். நான் மனசுக்குள் கடவுள் பேர் சொல்கிற நேரம் வேறு. ஹெட்போனை மெல்ல ஒரு காதிலிருந்து நகர்த்தி வைத்தேன். பெட்டி "தோபு, தோபுக்கு, தோபிலே" என்றது. தோபு என்று ஒரு பொருளே கிடையாதாம். இல்லாத பொருளுக்கு எதற்கு வால்? உருண்டையோ என் முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தான். என் மடியில் உட்கார்ந்த பிள்ளை பரீட்சையில் தோற்றான் என்று பேர் வரலாமா? தாடையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினேன். அடுத்து அந்தப் பெட்டி "தோபுஞ்சி, தோபுக்ளா" என்று உளறியது. பச்சைப் பிள்ளைக்குத் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் பாவமில்லையா? காதைப் பொத்தி முகத்தை இந்தப் பக்கம் திருப்பினேன். இப்படியே நல்ல வாலுக்குத் திருப்பறதும் கெட்ட வாலுக்குப் பொத்தறதுமா எனக்கு வேர்த்தே போச்சு.

வெளியே வந்ததும் கம்ப்யூட்டர் போட்ட கணக்கைப் பார்த்து உன் மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். இப்படி ஒரு குழந்தையைப் பார்த்ததே இல்லையாம். எல்லாம் கடவுள் செயல் என்றேன். அப்புறம் கேமராவில் பதிவானதைப் போட்டாள். அதில் உருண்டை முகத்தைவிட என் கைதான் அதிகம் இருந்தது.

"அத்தை, பரீட்சை குழந்தைக்கு. உங்களுக்கு இல்ல."

"நான் பாஸா?" என்று கேட்டுவிட்டேன். அதைக் கேட்டிருக்கக் கூடாது.

அன்றிலிருந்து சோறு வேணுமா என்று கேட்டால் சுவரைப் பார்த்து வேணாங்கிறாள். வேலை பார்க்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே அறை தேடுகிறாளாம், தையல்காரி சொன்னாள். அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடுதான் பேசுவேன், மிக்சியோடவா? நீதான் அவளுக்கு எடுத்துச் சொல்லணும். கெட்டது ஒரே ஒரு பிள்ளையோட கணக்கு. அதைத் தூக்கிப் போட்டுட்டா மிச்சமெல்லாம் சுத்தம்னு அவளே சொன்னா. அதுக்காக அத்தையை விட்டுட்டுப் போகணுமா?

உன் குடும்பத்துக்கு ஒரு குறையும் வராமல் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
வாயை மூடிக்கொண்டு கிடக்கும் உன் அக்கா

பி.கு.: இப்பத்தான் ஞாபகம் வருது. பெரிய புரொபசர்கிட்ட ஒரு குழந்தையைப் பத்தி, இது மத்த எல்லாத்தையும் மிஞ்சிடுச்சுன்னு உன் மகள் பெருமையாச் சொன்னாளாமே, அது பேங்க்காரர் வீட்டு இரட்டையில சின்னவ. அது உருண்டைக்கு முன்னாடி நடந்தது, அன்னிக்கு உன் மகள் ஊர்ல இல்ல. பெரியவ அழுதான்னு அவங்கம்மா தூக்கிக்கிட்டு வெளிய போயிட்டா. சின்னவளை மடியில வெச்சிருந்தது அவங்களுக்குத் துணையாப் போன நான்தான். அன்னிக்குக் கையே எடுக்கலை, முழங்காலைத்தான் ஆட்டினேன்.