கேப்டன்களுக்கு ஒரு சர்வீஸ் புக்

அமலதாஸ் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். திங்கட்கிழமை எட்டு மணிக்கு ரிமோட் தன் கையில்தான். ஊரே திரண்டு வந்து கேட்டாலும் தரப்போவதில்லை. ஊர் வராது. லூசியா வருவாள். அதுதான் பேஜாரு.

விஷயம் இதுதான். ‘விண்கப்பல் ஆல்டோரா’ என்று தமிழ் பேசும் வெள்ளைக்காரத் தொடர் ஒன்று எட்டு வருஷமாக ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஓடியது. இந்த 2004-இல், இதுவரை காட்டாத கடைசிப் பாகத்தைத் தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் போடப்போகிறார்களாம். கேள்விப்பட்டதிலிருந்து அமலதாஸுக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் எட்டு மணி என்பது அவர் பெண்டாட்டி லூசியாவின் மாமியார்–மருமகள் தொடர் வரும் நேரம். அந்தத் திண்டிவனத்து வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு டி.வி.

அமலதாஸ் சும்மா ரசிகர் இல்லை. தினமும் பாசஞ்சர் ரயிலில் விழுப்புரம் போய்வரும் ஆபீஸ் கிளார்க். அந்தப் புத்தி எங்கே போகும்? கப்பலின் மூன்று கேப்டன்களுக்கும் முழுநீள நோட்டில் சர்வீஸ் புக் போட்டு வைத்திருந்தார். பணியில் சேர்ந்த நாள், பொறுப்பை ஒப்படைத்த நாள் எல்லாம் டி.வி.யில் வந்த ஞாயிற்றுக்கிழமைத் தேதிப்படி பக்காவாக இருக்கும். கேபிள் அறுந்துபோன வாரங்களைத் ‘தற்செயல் விடுப்பு’ என்று எழுதியிருந்தார். முதல் கேப்டன் மோர்வின் கதையைத் திரும்ப ஒரு தடவை காட்டினார்களே, அதைப் ‘பணி நீட்டிப்பு’ என்று சிவப்பு மையில் குறித்திருந்தார். கேப்டன் பேச்சை யார் எடுத்தாலும் நோட்டை நீட்டிவிடுவார். ரயில் சிநேகிதர் சக்கரபாணி இதற்குப் பயந்தே ஒரு வாரம் வேறு பெட்டியில் ஏறிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லூசியா மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அமலதாஸ் தொண்டையைக் கனைத்தார்.

“நாளைலேருந்து எட்டு மணிக்கு எனக்கு டி.வி. வேணும்.”

“எதுக்கு, அந்தக் கப்பலுக்கா?”

“கப்பல் இல்லமே, விண்கப்பல்!”

“ரெண்டும் மெதக்கறதுதானே. தரமாட்டேன் போங்க.”

அமலதாஸுக்குச் சுர்ரென்று ஏறியது. “மெதக்குதா? அதப் பத்தி உனக்கு இன்னா தெரியும்? எந்த கேப்டன் ரொம்ப வருஷம் இருந்தாரு, சொல்லு பாப்போம்.”

“அந்த வெள்ளிச் சட்ட போட்ட பொம்பளயா?”

அமலதாஸ் விழுந்து விழுந்து சிரித்தார். “ரோசாண்ட்ராவா! அந்தம்மா சர்வீஸே ஒரு வருஷம் பத்து மாசம். மோர்வின் அஞ்சு வருஷம் ரெண்டு மாசம்! நோட்ட எடுத்துக்கினு வரட்டா?”

“நான் இன்னாத்தக் கண்டேன்? அடுப்படில காதுல வுழுந்ததச் சொன்னேன்.”

“பந்தயம் கட்றியா?”

“வேணாங்க. நான் தோத்துப் பூடுவேன்.”

இதைக் கேட்ட பிறகு எந்தப் புருஷன் சும்மா இருப்பான்? அமலதாஸ் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“கட்டு, சும்மா கட்டு! ஜெயிக்கறவங்க கையில ரிமோட்டு. தோக்கறவங்க எட்டு மணிக்கு அடுப்படில தோச சுடணும்.”

“ஒரு நாளைக்கித்தானே?”

“ஒரு நாளா? தொடரு முடியிற வரிக்கும்!”

“சட்னி?”

“சட்னியும்தான்!”

“அப்பறம் பேச்சு மாறக்கூடாது. எழுதிக் கையெழுத்துப் போட்ருங்க.”

கிளார்க்கிடம் கையெழுத்துக் கேட்டால் கசக்குமா? தேதி போட்டு, அடியில் கோடும் இழுத்துக் கொடுத்தார்.

“யாரு சொல்றது சரின்னு எப்பிடித் தெரியும்?” என்றாள் லூசியா. “அந்தக் கப்பல்காரங்களே சொல்லட்டுங்க. நாளைக்கி எட்டு மணிக்கு டாண்ணு ஒக்காந்து மொதல்லேருந்து பாப்போம்.”

“பாப்போம்!” என்றார் அமலதாஸ்.

திங்கட்கிழமை ரயிலிலிருந்து சக்கரபாணியைக் கையோடு இழுத்துவந்தார். வெற்றியைப் பார்க்க ஒரு சாட்சி வேண்டாமா? “வாங்கண்ணா,” என்று லூசியா காபி கொடுத்தாள். எட்டு அடித்தது. நட்சத்திரங்கள் சுழன்றன. வெள்ளிச் சட்டையில் கேப்டன் ரோசாண்ட்ரா வந்து நின்று சுத்தத் தமிழில் பேசினாள்:

“கேப்டனின் நாட்குறிப்பு. மோர்வின் மூன்றாண்டுகளும் ஹெல்வர் ஓராண்டும் வழிநடத்திய இக்கப்பலுக்கு நான் பொறுப்பேற்று இன்றோடு பதினோராண்டுகள் நிறைவடைகின்றன.”

அமலதாஸின் காபி ஆறிப்போனது. “இது... இத எப்பவுமே சொல்லுவாங்களா?”

“வாராவாரம் ஆரம்பத்துல நாட்குறிப்பு படிச்சிட்டுத்தானய்யா கதையே!” என்றார் சக்கரபாணி. “ரயில்ல சொல்ல வாயத் தொறந்தா நீதான் நோட்ட நீட்டுவியே!”

அமலதாஸ் மாதா கோவிலில் ஞாயிறு காலை எட்டு மணிப் பூசைப் பாடகர் குழுவில் தலைமைக் குரல். சாமியார் பிரசங்கம் முடித்து, அறிவிப்பு எல்லாம் வாசித்து, கடைசிப் பாட்டும் பாடி, இவர் சைக்கிளை மிதித்து வீடு சேர ஒன்பது பத்தாகிவிடும். எட்டு வருஷத்தில் ஒரு ஞாயிறுகூட அந்த ஆரம்பத்தைப் பார்த்ததில்லை. லூசியா ஆறு மணிப் பூசைக்கே போய்வந்து, ஒன்பது மணிக்கு டி.வி.யைப் போட்டுவிட்டுக் கறி கழுவிக்கொண்டிருப்பாள்.

பாவம் மனுஷன். “சரி, மாத்து. உன் சீரியலயே பாரு,” என்றார்.

“எந்த சீரியலு? அது போன வெள்ளிக்கெழமையே முடிஞ்சி போச்சே.”

“அப்ப எட்டு மணிக்கு நீ இன்னா பாக்கப் போற?”

“இதத்தான். எட்டு வருஷமாப் பாத்துக்கினுதானே இருக்கேன்.”

“அடிப்பாவி! நேத்தே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து பாத்திருக்கலாமே!”

“பாத்திருக்கலாம்தான். தோச யாருங்க சுடறது?”

அமலதாஸ் சக்கரபாணியைப் பார்த்தார். சக்கரபாணி, லூசியா நீட்டிய சீட்டில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார். “எனக்கு முறுகலா ரெண்டு போதும்பா,” என்றார்.

முதல் தோசை கல்லை விட்டு வர மறுத்தது. இரண்டாவது கிழிந்தது. ஹாலில் குண்டு வெடித்தது, யாரோ அலறினார்கள், சக்கரபாணி “அய்யய்யோ!” என்று கத்தினார். அமலதாஸ் கையில் கரண்டியோடு கதவுவரை ஓடிவந்தார். “இன்னா ஆச்சு? லூசியா, இன்னா ஆச்சு?”

லூசியா டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“ரோசாண்ட்ரா செத்துட்டாங்க. புது கேப்டன் யாருன்னு சட்னி வந்தப்பறம் சொல்றேன்.”