ஓஸ் அண்ணாத்தேயின் முப்பது அடி டியூப்

எந்தக் குழாயில் தண்ணீர் எப்படிப் போகும் என்பதில் ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை ஓஸ் அண்ணாத்தேயை மிஞ்ச ஆள் கிடையாது. இதை முதலில் சொன்னவர் அவரேதான். பத்து நிமிடம் பேசினால் நீங்களும் சொல்வீர்கள். சொல்லாவிட்டால் விடமாட்டார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் மெஷின்களுக்குத் தண்ணீர் ஓட்டிச் சூட்டைக் குறைக்கும் பம்பும் ஓஸ் பைப்பும் அவர் பொறுப்பு. அதனால் அந்தப் பெயர். ஒருமுறை உறவுக்காரரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனவர், நோயாளியை நலம் விசாரிக்காமல் குளுக்கோஸ் டியூபையே பார்த்துக்கொண்டிருந்தார். "சிஸ்டர், மடிஞ்சிகினு கீது பாருங்க" என்று நிமிர்த்தப் போக, நர்ஸ் அவரை வாசல்வரை துரத்தினார். "ஆனா மடிஞ்சிதான் இருந்துச்சி" என்று ஆறு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தொண்ணூறுகளின் கடைசியில், சேக்காட்டில் செல்வி அக்கா நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் நான் பாடம் எடுத்தேன். மாவு மில்லுக்கு மேலே மாடி. ஆறு கம்ப்யூட்டர், ஐந்து மாணவர்கள். பட்டறைக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது, கற்றுக்கொண்டு வா என்று முதலாளி அனுப்பியதால் ஆறாவதாக வந்தவர் ஓஸ் அண்ணாத்தே. முதல் நாள் அவர் கீபோர்டைத் தொடவே இல்லை. பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"இன்னா வாத்தியாரே, இதுக்கு ஜொரம் அடிக்குது?"

அடித்தது உண்மைதான். எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலை, தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் படம் எடுக்க ஆள் தேடியது. இரண்டு பல்சக்கரங்கள் சுழலும் இருபது விநாடி கிராபிக்ஸைத் திங்கட்கிழமை காலை காட்ட வேண்டும். பிடித்தால் முழுப் படமும் எங்களுக்கு. பிடிக்காவிட்டால் சென்டருக்குப் பூட்டு. செல்வி அக்கா மறுபடி டைப்பிஸ்ட் வேலைக்கு அலைய வேண்டும். அந்த இருபது விநாடியை ஒவ்வொரு படமாக வரைந்து முடிக்கக் கம்ப்யூட்டருக்குப் பத்து மணி நேரம் வேண்டும். சிப்பின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்திருந்தேன். மே மாத வெயிலில் மூன்றாவது மணி நேரத்தில் சூடேறி அப்படியே நின்றுவிடும்.

"தண்ணி உட்டா சரியாப்பூடும்" என்றார் ஓஸ் அண்ணாத்தே.

செல்வி அக்கா நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டார். "கரண்ட் ஓடுற பொட்டியிலயா தண்ணி விடுவீங்க?"

"மேலயா ஊத்தப் போறேன் மேடம்? டியூப்ல ஓடும்."

இரண்டே நாளில் செம்புக் கட்டி ஒன்றைக் குடைந்து கொண்டுவந்து சிப்பின் தலையில் உட்காரவைத்தார். தண்ணீரைத் தள்ள ஏர்கூலர் பம்பு மோட்டார் ஒன்று, பழைய கார் ஹீட்டரிலிருந்து கழற்றிய சின்ன ரேடியேட்டர் ஒன்று, அதன் எதிரே ஒரு டேபிள் ஃபேன். இவற்றை இணைக்கும் டியூப் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதில்தான் சண்டை வந்தது.

நீளமாகப் போனால் வெயிலில் தண்ணீர் வழியிலேயே சூடாகிவிடும், மூன்றடி போதும் என்றேன் நான். நீளமாக இருந்தால்தான் போகிற வழியில் ஆறும் என்றார் அக்கா.

"தண்ணி இன்னா, நடந்து போயி மூச்சு வாங்குற ஆளா?" என்று சிரித்தார் அவர். "நிமிசத்துக்கு மூணு ரவுண்டு அடிச்சிகினு வந்துரும். வழியில சூடாவவும் நேரமில்ல, ஆறவும் நேரமில்ல."

நாங்கள் நம்பவில்லை. ரேடியேட்டரை இடம் மாற்றாமல் மூன்றடி டியூபில் ஒரு மணி நேரம், முப்பது அடியில் ஒரு மணி நேரம் ஓட்டி, தெர்மாமீட்டரை வைத்துக் காட்டினார். ஒரு டிகிரிகூட வித்தியாசம் இல்லை. இரண்டு பேரும் தோற்றோம்.

"அப்போ மூணடியே போதுமே!" என்று நான் விட்ட இடத்திலிருந்து பிடித்தேன்.

"சூட்ட இந்த ரூம்லயே எறக்கிவெச்சா அது எங்க போவும்? இங்கயேதான் சுத்தும்." முப்பது அடி டியூபை ஜன்னல் வழியாக விட்டு, ரேடியேட்டரை வெளி பால்கனி நிழலில் வைத்தார். "நீளம் குளுர வெக்காது மேடம். சூட்ட எட்டத்துல கொண்டுபோயி உடும், அவ்ளோதான். ஆனா ஒல்லி டியூப்னா பம்பு தெணறும். அதான் தடியா வாங்கினேன்."

தெர்மாமீட்டர் இறங்கியது. சனிக்கிழமை, முதல் முறையாக வேலை கடைசிவரை ஓடி முடிந்தது.

ஞாயிறு காலை பத்தரைக்குப் போண்டாவோடு உட்கார்ந்து பார்த்தோம். செல்வி அக்கா கைதட்டினார். ஓஸ் அண்ணாத்தே மட்டும் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்.

"வாத்தியாரே, ரெண்டு சக்கரமும் ஒரே பக்கம் சுத்துது."

"அழகாத்தானே இருக்குண்ணே?"

"பல்லும் பல்லும் மாட்டிகினா ஒண்ணு இப்டி போவும், இன்னொண்ணு அப்டி வரும். இத்த எஸ்டேட்ல காட்டுனா கேட்டுலயே சிரிப்பாங்கோ."

செல்வி அக்கா முகம் வெளுத்துவிட்டது. மறுபடி பத்து மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு மில்காரர் கட்டடத்துக்கே மெயினை அணைத்துப் பூட்டிவிடுவார். கெஞ்சினாலும் கேட்காத மனிதர்.

"வேகத்த ஏத்து" என்றார் ஓஸ் அண்ணாத்தே. "சூட்ட நான் பாத்துக்கிறேன்."

ஏற்றினேன். அவர் ரேடியேட்டர் முன்னால் ஈரக் கோணியைக் கட்டினார். நாலு மணிக்கு வெயில் திரும்பிப் பால்கனியில் விழுந்தது. செல்வி அக்காவின் பூப்போட்ட குடையைப் பிடித்துக்கொண்டு, தான் வெயிலில் நின்று, ரேடியேட்டருக்கு நிழல் கொடுத்தார்.

தெருவில் போன ஒருவர் நிமிர்ந்து கேட்டார்: "இன்னா அண்ணாத்தே, யாருக்குக் கொட?"

"கம்ப்யூட்டருக்கு."

கேட்டவர் சைக்கிளைவிட்டு இறங்கி நின்று, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் போனார். ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசிப் படம் வந்தது.

திங்கட்கிழமை மேனேஜர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "முன்னாடி வந்தவங்க சக்கரத்தையே தப்பா சுத்தவிட்டிருந்தாங்க. உங்களுக்கு மெஷின் தெரிஞ்ச ஆள் இருக்காருபோல." செல்வி அக்கா வாய் நிறைய "இருக்கார் சார்" என்றார். சென்டர் பிழைத்தது.

இரண்டு வருடம் கழித்துப் பட்டறையை ஓசூருக்கு மாற்றினார்கள். பூந்தமல்லியில் அவரைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, மாதம் ஒருமுறை தண்ணீரை மாற்று, பாசி பிடிக்க விடாதே, கிளிப்பை ரொம்ப முறுக்காதே என்று பஸ் நகரும்வரை கத்திக்கொண்டே இருந்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒன்றும் காதில் விழவில்லை. நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.