புருஷோத்தமன் போன் வாங்கப் போன கதை

வாங்குகிறவர்களை உங்களுக்குத் தெரியும், வாங்காதவர்களையும் தெரியும். இந்த இரண்டிலும் சேராமல், விசாரிக்கிறவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. பொருள் அவர்களுக்கு இரண்டாம் பட்சம். விசாரணைதான் சாப்பாடு.

மரக்காணத்தில் அந்த இனத்தின் தலைமகன் உப்பள முதலாளி புருஷோத்தமன். இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் தை மாதம், அவரிடம் உப்பு வாங்கும் ராணிப்பேட்டைத் தோல் கம்பெனிக்காரர்கள், இனிமேல் விலை கேட்பதெல்லாம் ஈமெயிலில்தான், இரண்டு நாளில் பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். பகலெல்லாம் உப்பளத்தில் நிற்கிற மனிதர் கம்ப்யூட்டரைத் தேடி ஓட முடியுமா? கையிலேயே மெயில் வருகிற போன் வாங்குவதென்று முடிவு செய்தார். அதாவது, விசாரிக்க ஆரம்பித்தார்.

பாண்டிச்சேரிக் கடைக்காரர் பிளாக்பெர்ரியைக் காட்டி, மெயில் தானாகவே வந்து விழும் என்றார். பணத்தை எடுக்கப் பைக்குள் போன கை, எதற்கும் இன்னோர் ஆளைக் கேட்டுவிடலாம் என்று வெறுமனே வெளியே வந்தது. துபாயிலிருந்து லீவில் வந்திருந்த அஹமது கபீர் விண்டோஸ் போன்தான் தொழிலுக்கு லாயக்கு என்றார். குயிலாப்பாளையம் விடுதியில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் நோக்கியா என்று சத்தியம் செய்தார்; அவர் மனைவியைத் தனியே கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டதில், அந்த அம்மாள் இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. கிளியனூரில் பல் பிடுங்கப் போன இடத்தில், திறந்த வாயோடு எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் நல்லது என்று கேட்டார். ஆபரேஷன் என்று காதில் வாங்கிய டாக்டர், ஒரு பல்லுக்கு அதெல்லாம் வேண்டாம் என்று தேற்றினார்.

ஏழு மாதம் ஓடியது. ஆவணியில் உப்பு அம்பாரம் அம்பாரமாக நிற்க, கடல் பக்கம் மேகம் கறுத்தது. மழை விழுந்தால் அத்தனையும் கரைந்து ஓடும். அந்த நேரம் பார்த்து இருநூறு டன்னுக்கு விலை கேட்டு மெயில் வந்தது. புருஷோத்தமன் சென்னையில் விசாரணையில் இருந்தார். போன் வாங்கும் வரை அவருடைய மெயிலைத் திறந்து பார்த்துச் சொல்லும் பிரௌசிங் சென்டர் முஜீப் ரஹ்மான் வீட்டுக்குத் தகவல் சொல்ல, மனைவி பாக்கியலட்சுமி அவருடைய பழைய செல்லுக்குப் போட்டார்.

“தோல் கம்பெனி மெயில் வந்துருக்குதாம். நாளைக்குச் சாயங்காலம் கடைசி. என்ன விலை சொல்லட்டும்?”

“அவசரப்படாத. அடுத்த மாசம் புது மாடல் வருதாம்.”

“நான் உப்பைக் கேட்டேங்க.”

பதிலுக்கு அவர் ஒரு மாடல் நம்பரைச் சொன்னார். அந்த அம்மாள் போனை வைத்துவிட்டு, பிரௌசிங் சென்டருக்கு நடந்து போய், தானே ஒரு விலையைச் சொல்லி, முஜீப்பை டைப் அடித்து அனுப்ப வைத்தார். மறுநாள் ஆர்டர் வந்தது. நான்காம் நாள் லாரிகள் வந்தன. கடைசி லாரி தார்ப்பாய் கட்டிப் புறப்பட்ட அரை மணியில் மழை கொட்டியது.

அந்த மழையில் வந்து இறங்கிய புருஷோத்தமன் காலியாகக் கிடந்த களத்தைப் பார்த்து, எல்லாம் கரைந்துபோயிற்று என்று சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். விற்றாயிற்று என்று மனைவி சொன்னதும் கண் கலங்கியது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

“எந்த போன்ல அனுப்பின?”

“முஜீப் கடை கம்ப்யூட்டர்ல.”

“அதுல என்ன சிஸ்டம்னு கேட்டியா?”

பாக்கியலட்சுமி குடையை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் சிரிப்பதற்கு முன்னால், இந்த இடத்தில் சிரிக்கலாமா என்று பக்கத்தில் இருப்பவர் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டீர்களா, இல்லையா?