ஆறு ஆடும் பன்னிரண்டு கட்டமும்

ஒரே சண்டையில் மூன்று வருஷம் தொடர்ந்து ஜெயித்தவன் நான். மனைவியிடம்தான். இதை நம்ப மறுப்பவர்கள் உண்டு. என் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த அரை ஏக்கர் நிலம்தான் விவகாரம். அப்பா விட்டுப்போனது. முழங்கால் உயரத்துக்குப் புல்லும் புதரும் மண்டிக் கிடக்கும். நடுவில் ஒரு மரம், மரத்தடியில் என் சாய்வு நாற்காலி. அப்போது நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தேன். பகலெல்லாம் ஊரார் நிலத்துக்குக் கோடு போட்டுவிட்டு, சாயங்காலம் ஒரு கோடும் இல்லாத சொந்த நிலத்தில் போய்ச் சாய்ந்துகொள்வதில் ஒரு சுகம் இருந்தது.

என் மனைவிக்கு அங்கே காய்கறித் தோட்டம் வேண்டும்.

"ஏங்க, கொஞ்சம் கொத்திப் போட்டா வீட்டுக்கு வேண்டிய காய் வந்துடும்."

"கொத்துறது யாரு?"

"நான் விதை போடறேன்."

"நான் கேட்டது கொத்துறது யாருன்னு."

அதற்குப் பதில் வராது. காபி வரும். வழக்கத்தைவிடச் சூடு குறைவாக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தச் சண்டை கொஞ்சம் உரத்துப் போய்விட்டது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் வேலிக்கு மேல் தலையை நீட்டினார். வாயில் நாலு குண்டூசி.

ஆள் கிடைத்துவிட்டால் எனக்கு வீரம் வந்துவிடும். "நல்லாக் கேட்டுக்குங்க. இந்த நிலத்துல நான் மண்வெட்டியைத் தொட மாட்டேன். மீறி இங்க ஒரே ஒரு காய் காய்ச்சாலும், ஆயுசு முழுக்க நானே அதுக்குத் தண்ணி ஊத்துறேன். நீங்கதான் சாட்சி."

குண்டூசிகளோடு தையல்காரர் தலையாட்டினார். என் மனைவி அடுப்படிக்குப் போனாள். அன்றைக்குக் காபி நல்ல சூடாகவே வந்தது. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

மறுவாரம் காபி டம்ளருக்கு அடியில் ஒரு பழைய செய்தித்தாள் துண்டு கிடந்தது. தற்செயலாக. அதில் சிறு நிலத்தில் செம்மறி ஆடு வளர்ப்பது பற்றி யாரோ எழுதியிருந்தார்கள். புதரைத் தின்றே ஒழித்துவிடுமாம். தானே மேயுமாம். தானே படுத்துக்கொள்ளுமாம்.

எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. ஆடு இருக்கும் இடத்தில் எவராவது கத்தரிச்செடி வைப்பார்களா? அவள் தோட்டக் கனவுக்கு எதிராக ஆறு வாயைக் காவல் வைத்துவிட்டால், நான் நாற்காலியில் சாய்ந்தபடியே ஆயுசு முழுக்க ஜெயித்துக்கொண்டிருக்கலாம்.

"நான் ஆடு வளர்க்கப் போறேன்" என்றேன்.

அவள் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். "ஆடா?"

"செம்மறி. அஞ்சு பெட்டை, ஒரு கிடா. பின்னால நிலத்துல."

"அப்ப தோட்டம்?"

"அது எப்படிம்மா முடியும்? ஆடு தின்னுடுமே." வருத்தமாக இருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். எனக்கு நடிப்பு நன்றாக வரும்.

இன்னொரு காயை எடுத்து நார் உரித்தாள். பிறகு, "உங்க இஷ்டம்" என்றாள்.

மூன்று வருஷச் சண்டை ரெண்டே வார்த்தையில் முடிந்துபோனதில் எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"ஆனா ஒண்ணு" என்றாள். "ஆட்டை மொத்தமா அவுத்து விட்டா நல்ல புல்லைத் தின்னுட்டு புதரை அப்படியே விட்டுடும். ஒரே இடத்துல கட்டிப்போட்டா ஈரத்துல குளம்பு அழுகிடும். வாரம் ஒரு இடமா பட்டியை மாத்திக்கிட்டே போகணும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க சித்தப்பா வீட்டுல ஆடு இருந்துச்சுல்ல."

"அப்ப எப்படி மாத்துறது?"

"எனக்கென்ன தெரியும்? படம் வரையறவரு நீங்க."

ஒரு வரைபடக்காரனிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. அப்போதே காகிதம் கேட்டேன். எடுத்துவரப் போகக்கூட இல்லை அவள். மேசையில் பழைய காலண்டர் தாள் ஒன்று, வெள்ளைப் பக்கம் மேலாக, ஏற்கெனவே விரித்திருந்தது. சுருளாமல் இருக்க நாலு மூலையிலும் நாலு டம்ளர்.

அன்றைக்குக் கை ஓடிய ஓட்டம் இன்றும் நினைவிருக்கிறது. அலுவலகத்தில் ஒரு கோட்டுக்கு மூன்று தரம் அழிப்பவன், இங்கே பேனாவை வைத்தால் போதும், கோடு தானாகப் போனது. அரை ஏக்கரைப் பன்னிரண்டு கட்டமாகப் பிரித்தேன். எல்லாம் ஒரே அளவாகப் போட்டால் அது பள்ளிக்கூடப் பிள்ளை வேலை. நிலத்தின் போக்கை உணர்ந்து, வேலியோரமாக ஒரு நீள ஒடுக்குக் கட்டம், மேற்கு மூலையில் ஒரு அகலக் கட்டம், கிணற்றுப் பக்கம் சின்னச் சின்னதாக மூன்று. ஏழாவது கட்டத்தில் மரத்தைச் சுற்றி ஏனோ ஒரு வட்டத்தை ஒதுக்கினேன். ஒவ்வொன்றிலும் வாரத் தேதி எழுதினேன். வடக்குத் திசைக்கு அம்புக்குறிகூடப் போட்டேன்.

"அடேயப்பா" என்றாள் என் மனைவி. படத்தைச் சமையலறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினாள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் என் வேலையை அவள் சுவரில் மாட்டியது அதுதான் முதல் தடவை. அந்த இன்பத்தில் நான் வேறெதையும் யோசிக்கவில்லை.

ஆடுகள் ஒரு மாட்டு வண்டியில் வந்து இறங்கின. நனைந்த கம்பளி வாசனை அன்றிலிருந்து எங்கள் வீட்டு வாசனை ஆகிவிட்டது. முன்னால் நின்ற கிழட்டுப் பெட்டைக்கு அச்சாக எங்கள் அலுவலக சூப்பரின்டெண்டின் முகம். அதே சப்பை மூக்கு. எதைக் கேட்டாலும் 'பார்க்கலாம்' என்று சொல்வதுபோன்ற அதே பார்வை. அதற்கு சூப்பரின்டெண்ட் என்றே பெயர் வைத்துவிட்டோம்.

செம்மறிக்குச் சொந்த யோசனை கிடையாது. முன்னால் போவது எங்கே போகிறதோ அங்கே மற்றதும் போகும். ரெண்டாம் நாளே சூப்பரின்டெண்ட் வேலி இடுக்கில் புகுந்து தையல்காரர் வீட்டுக்குள் நுழைந்தது. தையல்காரர் ஒரு பெரிய மனிதருக்கு இடுப்பளவு எடுத்துக்கொண்டிருந்தார். ஆறு ஆடும் வரிசையாக முன்னறை வழியாகப் போய், சமையலறையைப் பார்வையிட்டு, கொல்லைக் கதவு வழியாக வெளியே வந்தன. பின்னாலேயே நானும் அதே வழியில் போய் அதே வழியில் வெளியே வந்தேன்.

"சார், மொத்தம் ஏழா?" என்று கேட்டார் தையல்காரர்.

பட்டியென்றால் பெரிய விஷயமில்லை. பதினாறு முளை, ஒரு வலை, அவ்வளவுதான். ஆனால் முளையை அடிக்க வேண்டும். அடித்ததை வாரம் ஒரு தடவை பிடுங்கி அடுத்த கட்டத்தில் அடிக்க வேண்டும். தண்ணீர் சுமக்க வேண்டும். காலையில் தழை ஒடிக்க வேண்டும். சாயங்காலம் ஓடைக்கரைக்கு ஓட்டிப்போய் அழைத்துவர வேண்டும். தானே மேயும் என்று எழுதிய புண்ணியவானை நான் தேடாத நாளில்லை.

"ஏங்க, நேத்தோட மூணாம் கட்டம் முடிஞ்சுது" என்பாள், சமையலறைச் சுவரைப் பார்த்து.

"நாளைக்கு மாத்திக்கலாம்."

"படத்துல இன்னைக்குன்னு போட்டிருக்கே. நீங்களே போட்டதுதானே."

சொந்தக் கையெழுத்தோடு எப்படிச் சண்டை போடுவது? போய் முளையைப் பிடுங்குவேன். என் நாற்காலி என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? முதல் வாரம் அதில் ஒரு சிலந்தி குடியேறியது. ரெண்டாம் வாரம், ஓடைக்கு ஓட்டும்போது, கிடா அதை முட்டி ஒரு காலை ஒடித்தது. தையல்காரர் தச்சனைக் கூப்பிட்டுச் சரிசெய்து கொடுத்தார். அதற்குப் பிறகு அதில் என் மனைவி உட்கார்ந்து, நான் முளை அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இடதுபக்கம் கொஞ்சம் சாயுது" என்பாள்.

இருந்தாலும் பொய் சொல்லக்கூடாது. நல்ல காலம்தான் அது. ஒன்பதாம் கட்டத்தில் இருந்தபோது, ஒரு மத்தியானம் சின்னப் பெட்டை குட்டி போட்டது. என் மனைவி கைக்கு வந்த துணியால் அதைத் துடைத்து என் மடியில் வைத்தாள். எலும்பும் ஈரமுமாக ஒன்று நடுங்கியது. துடைத்த துணி என் ஆபீஸ் சட்டை. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரெண்டு பேரும் பேசாமல் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்திருந்தது அதற்கு முன்னால் எப்போது என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை.

அந்தக் குட்டி தினமும் என் சைக்கிளின் பின்னாலேயே தெருமுனை வரை வரும். அலுவலகத்தில் எனக்கு முன்னால் நடக்கிறவர்கள்தான் உண்டு. பின்னால் வந்த ஜீவன் அது ஒன்றுதான்.

பன்னிரண்டாம் கட்டத்துக்குப் பட்டியை மாற்றிய மறுநாள் முதல் மழை விழுந்தது. அதற்கடுத்த நாள் என்னை வெளியூர் அளவை முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். இருபது நாள் கூடாரத்தில் படுத்தேன். அங்கே என் நண்பர்களிடம் என் வெற்றிக் கதையைச் சொன்னேன். "தோட்டம் தோட்டம்னு மூணு வருஷம் கேட்டா. ஆறு ஆடுதான் வாங்கினேன். பேச்சு நின்னுபோச்சு." கல்யாணமானவர்கள் எல்லாரும் என்னை மரியாதையோடு பார்த்தார்கள்.

திரும்பி வந்து கொல்லைக் கதவைத் திறந்தேன்.

ஆடுகள் பன்னிரண்டாம் கட்டத்தில், ஈரம் படாமல் சருகு பரப்பிய தரையில் நின்றன. மற்ற பதினொன்றும் பச்சை. வரிசை வரிசையாக இரண்டிலை, நாலிலை. புதர் எல்லாம் போய், புழுக்கை மிதிபட்டு மண்ணோடு கலந்து, கறுப்பாக, பொலபொலவென்று கிடந்தது நிலம்.

"என்னம்மா இது?"

"மழை பேஞ்சுது. சும்மா குச்சியால கீறி விதையைப் போட்டேன். கொத்தவே வேண்டியிருக்கலை." நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. "நீங்க சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்க. ஒரு நாள்கூட மண்வெட்டியைத் தொடலை."

வேலிக்கு மேல் தையல்காரரின் தலை வந்தது. இந்தத் தடவை வாயில் குண்டூசி இல்லை. "சார், தண்ணி ஊத்துறதாவும் ஒரு சொல் இருந்துச்சு."

"ஆடு தின்னுடும்" என்றேன் ஈனமான குரலில்.

"வலைக்குள்ளதானே இருக்கு" என்றாள். "காய் பறிச்சு முடிச்ச கட்டத்துக்குப் பட்டியை மாத்திட்டா, மிச்சத் தழையைத் தின்னு அடுத்த விதைப்புக்கு உரம் போட்டுடும். அப்படியே சுத்திக்கிட்டே போகலாம். அதான் தேதி போட்டு வச்சிருக்கீங்களே."

எனக்கு ஏதோ உறைத்தது. வேலியோர ஒடுக்குக் கட்டத்தில் கொடி அவரை வேலியைப் பிடித்து ஏற ஆரம்பித்திருந்தது. படரும் பூசணிக்கு மேற்கு மூலை அகலக் கட்டம். கிணற்றடியில் சின்னக் கட்டங்கள் மூன்றிலும் தினம் தண்ணீர் கேட்கும் கீரை. நிலத்தின் போக்கு இவ்வளவு சமத்தாகவா இருக்கும்?

சமையலறைக்குப் போய்ப் படத்தை ஆணியிலிருந்து கழற்றினேன். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். அழித்த பென்சிலைக் கண்டுபிடிப்பதுதான் இருபது வருஷமாக எனக்குச் சோறு போட்ட வேலை. காகிதத்தில் பள்ளம் இருந்தால் அது ஒளியாது. என் மைக்கோடு ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு பென்சில் தடம். அன்றைக்கு என் கை தானாக ஓடவில்லை, வெட்டிவைத்த வாய்க்காலில் தண்ணீர்போல ஓடியிருக்கிறது. கட்டங்களுக்குள் அவளுடைய உருண்டைக் கையெழுத்து, ரப்பரால் தேய்த்தது: அவரை. பூசணி. கீரை. மிளகாய். மரத்தைச் சுற்றிய வட்டத்தில் மட்டும் காய் பெயர் இல்லை. அங்கே 'இவர் நாற்காலி' என்று எழுதியிருந்தது.

படத்தைத் திரும்ப மாட்டிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அவளிடம் நான் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்டால் தோற்றது எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

இதெல்லாம் நடந்து முப்பது வருஷம் இருக்கும். சூப்பரின்டெண்ட் போய்ச் சேர்ந்தது. ஆபீஸ் சூப்பரின்டெண்டும்தான். தையல்காரர் தன் மகன் வீட்டோடு போய்விட்டார், வேலிக்கு மேல் இப்போது தலை ஏதும் வருவதில்லை. சைக்கிளுக்குப் பின்னால் வந்த குட்டியின் பேத்திக்குப் பேத்திகள் ரெண்டு மட்டும் மீதி. பன்னிரண்டு கட்டத்தையும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறோம், அவைகளும் நானும். சுவரில் அந்தத் தாள் பழுப்பேறிவிட்டது. நாற்காலிக்கு மூன்று தடவை துணி மாற்றியாயிற்று. சாயங்காலம் தண்ணீர் ஊற்றி முடித்ததும் அவள் எழுந்து எனக்கு இடம் விடுவாள்.

போன வாரம் அப்படிச் சாய்ந்திருந்தபோது திடீரென்று ஒரு யோசனை வந்தது. முழுக்க முழுக்க என் சொந்த யோசனை. வயதான காலத்தில் முளை அடிப்பதாவது, தண்ணீர் சுமப்பதாவது. மேற்கு மூலையில் சின்னதாக ஒரு மீன் குட்டை வெட்டிவிட்டால், மீன் தானே நீந்தும், தானே வளரும். நான் சும்மா கரையில் உட்கார்ந்திருக்கலாம்.

"ஏம்மா, அந்த மூலையில ஒரு மீன் குட்டை போட்டா என்ன?"

அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். "உங்க இஷ்டம்" என்றாள்.

காகிதம் தேடி உள்ளே போனேன். மேசைமேல் ஒரு காலண்டர் தாள், வெள்ளைப் பக்கம் மேலாக விரித்திருந்தது, நாலு மூலையிலும் நாலு டம்ளர்.

வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவில்லை. பேனாவை எடுத்து வைத்தேன், கோடு தானாகப் போனது.